பொன்மலை ஸ்லைடுகளின் மஞ்சள்

ஏழாவது ஸ்லைடை லைட் பாக்ஸின் மேல் வைத்து, பூதக்கண்ணாடியை அதன்மேல் கவிழ்த்து, வலது கண்ணைக் கொண்டுபோய் ஒட்டினால் அதிலும் அதே நீலம். முதல் ஆறிலும் இருந்த நீலம்தான். மெல்லிசு, வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள், ஆனால் தாயுமானவன் முப்பத்தெட்டு வருஷம் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கலர் லேபில் உட்கார்ந்து அடுத்தவர் கல்யாணங்களைப் பார்த்துப் பார்த்தே தேய்ந்த மனுஷன், அவர் கண்ணுக்குத் தப்புமா. தப்பாது என்றுதான் ஊரும் சொன்னது, அவரும் நம்பினார், நம்பாவிட்டால் இந்தக் கல்லூரி நூலகத்தின் மாடியில், வேண்டாத ஏ.சி. குளிரில், காலையிலிருந்து குனிந்தபடி உட்கார்ந்திருப்பாரா. ஆவணக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் சாஹிதா என்ற பெண் இரண்டு வாரத்துக்கு முன்னால் போன் செய்து, "திருச்சியில கலர் பாக்கத் தெரிஞ்சவங்கன்னா எல்லாரும் உங்க பேரைத்தான் சார் சொல்றாங்க" என்றாள். அந்த ஒரு வரியை மனைவி செண்பகத்திடம் மூன்று தடவை சொல்லிவிட்டார், மூன்றாவது தடவை அவள் கேட்காத மாதிரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யுத்த காலத்துக் கலர் ஸ்லைடு, மொத்தம் முப்பத்தாறு. பொன்மலை ரயில்வே பட்டறையில் விமானம் ரிப்பேர் பார்க்க வந்த பெர்ஸி என்கிற வெள்ளைக்கார மெக்கானிக் எடுத்தது. அவருடைய பேத்தி ஸ்காட்லாந்திலிருந்து அனுப்பியிருக்கிறாள், ஒரே ஒரு நிபந்தனையோடு: நிறம் கெடாமல் இருந்தால் அசலே உங்கள் ஊரில் இருக்கட்டும், எங்கள் தாத்தாவுக்கும் அதுதான் பிடிக்கும், கெட்டுப்போயிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், வீட்டில் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறோம். ஒரு மணிக்கு அவளோடு வீடியோ கால். அதற்குள் தாயுமானவன் ஒரு தாளை நிரப்பிக் கையெழுத்துப் போடவேண்டும். கூர்மை, வெளிச்சம், பூஞ்சை மூன்றும் எழுதியாகிவிட்டது, நிறம் என்ற கட்டத்தில்தான் பென்சிலால் ஆறு தடவை 'நீலம் ஏறியிருக்கிறது' என்று எழுதிவிட்டு ஏழாவதில் நின்றுகொண்டிருக்கிறார்.

எப்படி ஏறும் என்பதுதான் பிடிபடவில்லை. இது கோடாக்ரோம் ஃபிலிம், இருட்டில் வைத்திருந்தால் எண்பது வருஷமானாலும் அசையாத சரக்கு, பெட்டியைத் திறந்தபோது வந்த வாடையே நன்றாகப் பூட்டி வைத்த பீரோ வாடை. பூஞ்சை இல்லை, ஓரத்தில் சிவப்புக் கரை போட்ட அட்டைகூட நைந்துபோகவில்லை, பிறகு எந்த வழியாக நீலம் உள்ளே வந்தது. ஒருவேளை வேட்டியில்தான் நீலமோ, சலவைக்கு நீலம் போட்ட வேட்டி வெயிலில் இப்படித்தான் அடிக்கும், இந்த ஏழாவது படத்தில் மரக்கட்டைகளின் மேல் விமானத்தின் ஒற்றை இறக்கையைக் கிடத்தி அதைச் சுற்றிப் பதினோரு பேர் நிற்கிறார்கள், நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார்கள், ஒருவர் கையில் சுத்தியல், ஒருவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார், ஒருவர் சட்டையே போடவில்லை. ஆனால் எண்ணெய் பிசுபிசுத்த பட்டறைக்கு யார் நீலம் போட்ட வேட்டி கட்டி வருவார்கள், சரி, படம் எடுக்கிறார்கள் என்று கட்டி வந்திருக்கலாம், அப்படியென்றால் இறக்கையும் நீலமா, பின்னால் இருக்கிற சுண்ணாம்புச் சுவரும் நீலமா, சுவருக்கு யார் நீலம் போட்டது. மறுபடி முதலிலிருந்து. யுத்தம் என்றாலே தாயுமானவனுக்கு மனசுக்குள் சாம்பல் நிறம்தான், அந்தக் காலத்து மனிதர்களே சாம்பலாகப் பிறந்து சாம்பலாகச் செத்த மாதிரி, இன்றைக்குக் காலையில்தான் அவர்களுக்கும் உடம்பில் நிறம் இருந்தது என்று கண்ணால் பார்த்தார். என்ன ஒரு கறுப்பு. சட்டை போடாத அந்த ஆளின் தோளில் வெயில் விழுந்து எழும்புகிறது, கறுப்புக்குள்ளேயே நாலு கறுப்பு தெரிகிறது, இறக்கைக்குக் கீழே நிழலில் உட்கார்ந்திருப்பவனின் மூக்கும் முழியும்கூடப் பிசகவில்லை. லேபில் ஒரு நாளாவது அவர் இப்படி ஒரு முகத்தை விட்டுவைத்ததுண்டா. "கொஞ்சம் வெளுப்பாப் போடுங்க சார்" என்று பெண்ணின் அம்மா ஒரு பக்கம், பையனின் அக்கா ஒரு பக்கம், சொல்லாவிட்டாலும் விரல் தானாகப் பொத்தானுக்குப் போய்விடும், இரண்டு பாயிண்ட் குறைத்துவிடு, மூன்று பாயிண்ட் குறைத்துவிடு, திருச்சி ஜில்லாவில் பாதிப் பேரை அவர் வெளுத்திருக்கிறார். இந்த பெர்ஸி யார் பெற்ற பிள்ளையோ, எங்கேயோ இருந்து வந்தான், வெளிச்சத்துக்குப் பசியெடுத்த அந்த மந்தமான ஃபிலிமை வைத்துக்கொண்டு, உச்சி வெயிலுக்குக் காத்திருந்து, அசையாமல் நில்லுங்கள் என்று சைகை காட்டி, எங்கள் ஆட்களை எங்கள் நிறத்திலேயே விட்டுவிட்டுப் போனானே, நன்றாக இருக்கட்டும் அவன் குடும்பம். நாய் ஒன்றுதான் அசைந்துவிட்டது, ஆறாவது படத்தில் அதற்கு எட்டுக் கால். இவ்வளவு நல்ல படங்களைத் திருப்பி அனுப்பு என்று எழுத மனசு வருமா. ஆனால் நீலம் இருக்கிறதே, இருப்பதை இல்லை என்று எழுதினால் அப்புறம் இந்தக் கண்ணுக்கு என்ன மரியாதை.

கண்ணாடியிலேயே ஒட்டி ஒட்டி வலது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு வாரத்துக்கு முன்னால்தான் அதில் புரை எடுத்துப் புது லென்ஸ் வைத்திருக்கிறார்கள், ரொம்பப் படுத்தக்கூடாது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம்தான் தேதி, அதுவரைக்கும் அது பழைய கண். வலதை மூடி, தலையைக் கொஞ்சம் திருப்பி, பழைய கண்ணைப் பூதக்கண்ணாடியில் வைத்தார். இருபத்துமூன்றாம் ஸ்லைடு, ரேஷன் அரிசிக்குப் பெண்கள் வரிசையில் நிற்கிற படம், ஏழிலேயே நின்றது போதுமென்று வரிசையை விட்டு அதைத்தான் அடுத்து எடுத்து வைத்திருந்தார். நீலம் எங்கே? காணோம். துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. வரிசையில் இருக்கிற அத்தனை பெண்களும் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு நேராக அரிசி வாங்க வந்துவிட்டார்கள், முகம் என்ன, கழுத்து என்ன, தாலிக்கயிறு என்ன, எல்லாம் பசுமஞ்சள், பார்க்கவே வயிறு குளிர்கிறது. அப்படிப் போடு, படம் நன்றாகத்தான் இருக்கிறது, இவ்வளவு நேரம் எதற்குக் கிடந்து அல்லாடினோம் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. வரிசையைக் கவனித்துக்கொள்ள நிற்கிற போலீஸ்காரரும் மஞ்சள் பூசியிருந்தார். அரிசி மூட்டை பூசியிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் பூசியிருந்தது. கடைசியில் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி ஒரு முஸ்லிம் அம்மா நிற்கிறார், அவருடைய துப்பட்டியும் முகமும் மஞ்சள். தாயுமானவன் ஸ்லைடை எடுத்துவிட்டு வெறும் லைட் பாக்ஸைப் பார்த்தார். வலது கண்ணுக்கு அது நீலம் தோய்ந்த வெள்ளை. இடது கண்ணுக்குப் பழைய தினசரித் தாள். வலது, இடது, வலது, இடது என்று கண்ணை மாற்றி மாற்றி மூடித் திறந்தார், யாராவது பார்த்தால் அறுபத்தேழு வயதில் இவருக்கு யாரிடம் கண்ணடிக்கிற வேலை என்று கேட்டிருப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே செண்பகத்தோடு சண்டை போட்டார், வெள்ளைச் சட்டைக்கு எத்தனை சொட்டு நீலம் போட்டே என்று. நீலம் வாங்கியே ஆறு மாசமாச்சு என்றாள். டாக்டரிடம் கேட்டால், "புதுக் கண்ணு அப்படித்தான் காட்டும், பழகிரும்" என்று தோளைத் தட்டினார். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கும்போது ஒன்றுக்கொன்று சமாதானம் பேசிக்கொண்டு ஏதோ ஒரு நிறம் வந்துவிடுகிறது, அவரும் மறந்துவிட்டார், ஒற்றைக் கண்ணால் பார்க்கிற வேலை வந்தபோதுதான் குட்டு உடைந்தது. சரி, இப்போது எந்தக் கண் சொல்வது நிஜம்? புதுக் கண்ணா, பழைய கண்ணா? இரண்டும் பொய்யாகவும் இருக்கலாமே. அதைவிட மோசமான நினைப்பு ஒன்று மெதுவாக ஏறி வந்தது. டாக்டர் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார், "பத்துப் பன்னெண்டு வருஷமா வளந்த புரை சார் இது, எப்படி விட்டுவெச்சீங்க?" லேபை விட்டு ஓய்வு பெற்று ஏழு வருஷம்தான் ஆகிறது. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. ஐந்து வருஷம், இரண்டு கண்ணிலும் மஞ்சள் திரையை மாட்டிக்கொண்டு, ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து, இதற்கு மஞ்சள் குறை, அதற்கு மஞ்சள் குறை என்று பொத்தானைத் தட்டியிருக்கிறார். உலகமே மஞ்சளாகத் தெரிகிறவன் மஞ்சளைக் குறைத்துக்கொண்டேதானே போவான். அப்படியானால் அந்தப் படங்களெல்லாம் நீலமாக அல்லவா வெளியே போயிருக்கும். ஒரு முகூர்த்த சீசனுக்கு நூறு ஆல்பம். உறையூர் ஜவுளிக்காரர் மகள், கூறைப்புடவையில் மணவறையில் உட்கார்ந்திருந்தாளே, நீலம். லால்குடி ரைஸ்மில்காரர் அறுபதாம் கல்யாணம், பாட்டுக்காரர் ஒருவர் வீட்டு வளைகாப்பு, துறையூர்ப் பக்கம் ஒரே நாளில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குக் கல்யாணம், நீலம், நீலம், நீலம். நலங்கு வைத்த முகமெல்லாம் காய்ச்சலில் கிடந்த முகம் மாதிரி. அவர்கள் பேரனுக்குக் காட்டுவார்களே, பேரன் என்ன நினைப்பான். ஒரு ஊரின் சந்தோஷத்தையெல்லாம் என்னை நம்பிக் கொடுத்தார்களே, நான் என்ன செய்து வைத்தேன். கையை ஸ்லைடில் படாமல் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

ஆனால் ஒருத்தரும் திரும்பி வரவில்லையே. நினைப்பு அந்த இடத்தில் முள்ளில் மாட்டிய துணி மாதிரி நின்றது. ஒரு புகார் வந்ததா? ஜாக்கெட் நிறம் கொஞ்சம் மாறினாலே கடைக்கு வந்து கத்துகிற ஜனம், தாலிக்கயிறு பச்சையடித்தால் சும்மா விடுமா. ஐந்து வருஷத்தில் ஒரு ஆல்பம் திரும்பவில்லை. எப்படி? முதலாளி அதிர்ஷ்டக்காரர் என்பதாலா? மெஷின் தானே திருத்திக்கொண்டதா? அந்த மெஷின் சொன்னதையே ஒழுங்காகச் செய்யாது. நான் ஓகே போட்ட பிறகு படம் எங்கே போகும், பிலோமினா மேஜைக்குப் போகும், அவள் எண்ணிக் கட்டி உறை போட்டு... பிலோமினா. பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வருவாள், வேறொரு லேபில் பத்து வருஷம் வேலை தெரிந்துகொண்டு வந்தவள், இவருக்கு அடுத்த நாற்காலி. கடைசி வருஷங்களில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது, இவர் சாப்பிடக் கிளம்பினால் அவள் கிளம்ப மாட்டாள், "நீங்க போங்க சார், எனக்குப் பசிக்கல." திரும்பி வந்தால் மெஷின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும். குப்பைக்கூடையில் எப்போதும் கிழித்த பிரிண்டுகள். பேப்பர் ஏன் இப்படி வீணாகிறது என்று முதலாளி நாலு பேர் முன்னால் அவளை நிற்கவைத்துக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "கை தவறிடுச்சு சார்" என்றாள். தாயுமானவன் பக்கத்தில்தான் நின்றார். நின்றது மட்டுமா, "கவனம் பத்தாது சார் இந்தம்மாவுக்கு" என்று எடுத்தும் கொடுத்தார். அவள் அப்போது நிமிர்ந்து இவரை ஒரு பார்வை பார்த்தாள், கோபமில்லாத பார்வை, அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் இத்தனை நாள் யோசித்ததே இல்லை.

"சார், டீ." சாஹிதா தம்ளரை ஸ்லைடுகளுக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள். தாளை எட்டிப் பார்த்து, முகம் வாடி, "நீலம் ஏறிடுச்சா சார்? அப்ப அனுப்பிச்சிர வேண்டியதுதானா?" என்றாள். அவளுக்கு இந்த முப்பத்தாறின் மேல் எவ்வளவு ஆசை என்று காலையிலேயே தெரிந்தது, சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற மாதிரிதான் பெட்டியை அவரிடம் கொடுத்தாள். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. எது எழுதினாலும் யாரும் கேட்கப்போவதில்லை, தாயு சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஸ்காட்லாந்து வரைக்கும் நம்பிவிடுவார்கள், அவர் கண்ணைப் பற்றி அவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்ததை அப்படியே முழுங்கிவிட்டு, 'நன்று' என்று எழுதினால் இந்தப் பெண் சந்தோஷப்படும், படம் இங்கேயே இருக்கும், பேரும் இருக்கும். அது சரியாகவே இருக்கவும் கூடும். ஆனால் தெரியாமல் எழுதுவதுதானே அது. ஐந்து வருஷம் தெரியாமல் எழுதியது போதாதா.

"பென்சில்லதாம்மா எழுதியிருக்கு," என்றார். "நான் ஒருத்தருக்குப் போன் பண்ணணும். இந்தக் கலரை நான் பாத்தாப் பத்தாது."

"உங்களுக்கு மேல யாரு சார்?" என்றாள் சாஹிதா, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

"இருக்காங்க," என்றார். போனில் பிலோமினாவின் எண் இருந்தது, ஏழு வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரும், இவர் கைகூப்புகிற பொம்மையைத் திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான் போக்குவரத்து. மணி அடிக்கும்போது எடுக்கமாட்டாளோ என்றிருந்தது. எடுத்தாள். "சார்! நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சுகமா?" கொஞ்சம் கலர் பாக்கணும்மா, அவசரம் என்றதும் எங்கே, எதற்கு, யாருடையது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஆட்டோ புடிச்சு வந்துர்றேன் சார்." அந்த அரை மணி நேரம் அவர் ஸ்லைடு எதையும் தொடவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளைகள் வகுப்பு மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள், இரண்டு கண்ணாலும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பயம் போய்விட்டதா என்று தடவிப் பார்த்தார், கொஞ்சம் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த உறையூர்ப் பெண் நீலமாகப் போகவில்லை. லால்குடிக்காரர் நீலமாகப் போகவில்லை. அத்தனை முகூர்த்தமும் மஞ்சளோடுதான் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது, அவர் குறைத்த மஞ்சளை, பட்டினி கிடந்து ஒருத்தி ஒவ்வொன்றிலும் திரும்பச் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். நன்றி என்பது இவ்வளவு கனமாக நெஞ்சில் உட்காரும் என்று அவருக்குத் தெரியாது.

பிலோமினா வந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது, மூக்குக்கண்ணாடி புதிது. சாஹிதாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, பையை ஓரமாகப் போட்டு, நேற்றைக்குத்தான் லேபிலிருந்து எழுந்து போனவள் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ன சார் பிரச்சினை?" தாயுமானவன் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார், பிரச்சினையைச் சொன்னால் அவள் கண்ணைக் கெடுத்ததாகிவிடும். முப்பத்தாறையும் வரிசையாகப் பார்த்தாள், அவசரப்படவில்லை, நாய்க்கு எட்டுக் கால் இருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். ரேஷன் வரிசைக்கு வந்ததும் நின்றாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இந்த முன்னாடி நிக்கிற மூணு அம்மாவும் மஞ்சள் பூசியிருக்காங்க," என்றாள். "நாலாவது அம்மா பூசல, நெத்தியும் வெறும் நெத்தி, எங்க ஆளா இருப்பாங்க. கடைசில துப்பட்டி போட்டவங்களும் பூசல."

"நாங்க பூச மாட்டோம்," என்றாள் சாஹிதா, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"அதாம்மா. பூசினவங்க முகம் வேற, பூசாதவங்க முகம் வேறன்னு பிரிஞ்சு தெரியுது. துப்பட்டி வெள்ளையா இருக்கு. இதுக்கு மேல என்ன சார் வேணும்? ஒரு பாயிண்ட்கூடத் தொட வேண்டாம். அப்படியே இருக்கு."

தாயுமானவன் குனிந்து அந்தப் படத்தைப் புதுக் கண்ணால் ஒரு தடவை, பழைய கண்ணால் ஒரு தடவை பார்த்தார். புதுக் கண்ணுக்கு ஒருத்தியும் பூசியிருக்கவில்லை, பழைய கண்ணுக்கு எல்லோரும் பூசியிருந்தார்கள். மூன்று பேர் என்ற கணக்கு பிலோமினாவுக்கு மட்டும்தான் வந்தது. சாஹிதா போனை எடுத்துக்கொண்டு துறைத்தலைவருக்குச் சொல்ல வராந்தாவுக்கு ஓடினாள்.

"எத்தனை வருஷம்மா?" என்றார்.

"எது சார்?"

"எனக்குப் பின்னால உக்காந்து மஞ்சள் கூட்டினது."

அவள் பூதக்கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள், அது சுத்தமாகத்தான் இருந்தது. "நாலு வருஷம் இருக்கும் சார். எல்லாத்துக்கும் இல்ல. ரெண்டு, சில சமயம் மூணு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? திட்டு வேற வாங்கினியே. நானே எடுத்துக் குடுத்தேனே."

"சொன்னா அன்னிக்கே எந்திரிச்சுப் போயிருப்பீங்க சார். உங்களை மாதிரி சிவப்பு பாக்கிற ஆளு திருச்சியில ஏது? எனக்கு சிவப்பு வராது, அது உங்களுக்கே தெரியும். மஞ்சள் மட்டுந்தான உங்களுக்குப் போச்சு. அதை நான் பாத்துக்கிட்டேன்."

"நீ என் மானத்தைக் காப்பாத்தியிருக்கேம்மா. நான் அதுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்பச் சொல்றேன், ரொம்ப நன்றிம்மா," என்றார். அவள் கூச்சப்பட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள், பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டாள்.

"உங்க பொண்ணு கல்யாண ஆல்பம் ஒண்ணைத்தான் சார் தொட முடியல. யாரையும் கிட்ட விடாம நீங்களே போட்டு, நீங்களே பைண்டிங் பண்ணி, கையிலயே எடுத்துட்டுப் போயிட்டீங்க."

ஊரில் இருக்கிற கல்யாணத்தையெல்லாம் எண்ணிய மனுஷன் அதை எண்ணவே இல்லை. "அப்ப அது..."

"நல்ல நீலம் சார். சம்பந்தி வீட்லேருந்து காப்பி கேட்டு வந்தப்ப, அன்னிக்குப் பொண்ணுக்கு உடம்பு முடியலையான்னு கேட்டாங்க. அவங்க காப்பிக்கு நான் மூணு கூட்டிக் குடுத்துட்டேன். மாப்பிள்ளை வீட்ல உமா லட்சணமாத்தான் இருக்கா. உங்க வீட்லதான்..."

தாயுமானவன் சிரிக்க ஆரம்பித்தார், சத்தமாக, நூலகம் என்பதையும் மறந்து, ஒரு கண்ணில் அல்ல, இரண்டு கண்ணிலும் தண்ணீர் வரும்வரை. பிறகு ரப்பரை எடுத்துப் பென்சில் எழுத்து ஆறையும் ஒவ்வொன்றாக அழித்தார். முப்பத்தாறு கட்டத்திலும் பேனாவால் 'நன்று' என்று எழுதினார். அடியில் 'பார்வையிட்டவர்' என்று அச்சிட்டிருந்த இடத்தில் ம. பிலோமினா என்று தன் கையால் பெரிதாக எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று சொல்லிக்கொண்டே போட்டாள். அதற்குக் கீழே அச்சில் வேறு இடம் இல்லாததால் அவரே ஒரு கோடு கிழித்து, 'உடனிருந்தவர்' என்று எழுதி, அங்கே தன் பெயரைப் போட்டார்.